மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா: எந்த ஆயிலை முதலில் மாற்றுவது?

பழைய இன்னோவா வைத்திருக்கும் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே என்ஜின் ஆயிலுக்கு வந்து நிற்கும். 15டபிள்யூ-40 போதுமா, 20டபிள்யூ-50 ஊற்றலாமா, சிந்தெடிக் ஊற்றினால் சீல் போய்விடுமா என்று வாதம் நடக்கும். அதே ஆளிடம் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. கூலன்ட்? "தண்ணி குறைஞ்சா ஊத்திக்குவோம்." பின்னச்சின் பல்சக்கரத்துக்கு ஊற்றும் கிரவுன் ஆயில்? "அதையெல்லாம் மாத்தணுமா?"

அதிகம் ஓடிய வண்டியில் என்ஜின் ஆயிலைப் பற்றித்தான் குறைவாகக் கவலைப்பட வேண்டும் என்பது என் கட்சி. அதை யாரும் மறப்பதில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் கேட்டு மாற்றிவிடுவார். பெரிய செலவில் இழுத்துவிடுவது மறந்துபோன மற்றவைதான்.

என்னிடம் இருப்பது 2011 மாடல், 2.5 லிட்டர் டீசல். 2,494 சிசி, 2கேடி என்ஜின். 2005-ல் குவாலிஸுக்குப் பதிலாக வந்து, 2016-ல் கிரிஸ்டா வரும்வரை ஓடிய தலைமுறை. வாங்கும்போது மீட்டர் மூன்று லட்சத்தை நெருங்கியிருந்தது. முந்தைய ஓனர் டிராவல்ஸ் நடத்தியவர். சர்வீஸ் புத்தகத்தில் முதல் சில பக்கங்களில் முத்திரை இருந்தது, பிறகு வெற்றுத்தாள். அதனால் உள்ளே இருக்கும் எதையும் நம்புவதில்லை, எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

வடிக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, காசு செலவில்லாதது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே, என்ன நிறம் என்று பாருங்கள். முன்பக்கம் கறுப்புக் கறை என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங் ஆயில். இளஞ்சிவப்போ பச்சையோ தண்ணீர் போல இருந்தால் கூலன்ட். நடுவிலோ பின்னாலோ கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில் அல்லது கிரவுன் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் வழவழப்பாக ஈரம் இருந்தால் பிரேக். அந்த வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்கக் கூடாது. ஏசி போட்டு வந்த பிறகு சொட்டும் வெறும் தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். கசிகிற இடம் தெரியாமல் புது ஆயில் ஊற்றினால், பிறகு வரும் கசிவு பழையதா புதியதா என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

நான் முதலில் கை வைத்தது பிரேக்கில். காரணம் ஊர். நாமக்கல்லில் இருந்துகொண்டு கொல்லிமலை போகாமல் இருக்க முடியாது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. தண்ணீர் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி இருந்தால் போதும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பிரேக்குக்கு அழுத்தம் போகாது. பெடல் அப்படியே உள்ளே போய்விடும்.

என் வண்டிக் கையேட்டில் டாட் 3 என்று இருந்தது. டாட் 4 ஊற்றினேன். இரண்டும் கிளைகால் அடிப்படையில் செய்தவை, கலக்கலாம், ரப்பருக்கும் ஒத்துப்போகும். டாட் 5.1-ம் அதே குடும்பம்தான். ஆனால் வெறும் டாட் 5 என்பது சிலிக்கான். அதை இவற்றோடு சேர்க்கவே கூடாது. பெயரில் ஒரு புள்ளி ஒன்று விட்டுப்போனால் வேறு பொருள் கைக்கு வந்துவிடும், டப்பாவைப் படித்து வாங்குங்கள். சின்ன டப்பாவாக வாங்குவது நல்லது. திறந்து வைத்த மீதி டப்பா அலமாரியிலேயே ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கெல்லாம் இதற்கு வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். ஹைட்ராலிக் கிளட்சிலும் இதே ஆயில்தான், அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, ஒரு நுணுக்கம் உண்டு. உதவியாள் பெடலைத் தரையைத் தொடும்வரை மிதிப்பது வழக்கம். தினசரி ஓட்டத்தில் பெடல் அவ்வளவு ஆழம் போவதில்லை. அதனால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் எட்டாத அந்தப் பகுதியில் வருடக்கணக்காகத் துருவும் அழுக்கும் தங்கியிருக்கும். திடீரென்று சீல் அதன்மேல் உரசிப் போய்வந்தால் கிழியலாம். "ஆயில் மாத்துனதுக்கு அப்புறம்தான் மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்று புலம்புகிறவர்களின் கதை பாதிக்கு மேல் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் தீர்ந்தது. என் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது, "லாரில நாங்க எப்பவும் கட்டை வெச்சுத்தானுங்க மிதிப்போம், கார்க்காரங்கதான் அவசரப்படுவாங்க" என்றார். நாமக்கல் மெக்கானிக்குகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. என்ஜின் ஆயில் விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது கூலன்ட். நான் அதிகம் மெனக்கெட்டது இதில்தான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே காவி நிறத்தில் தண்ணீர். கூலன்ட் என்ற பேச்சே இல்லை. "நம்மூர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்குங்க? பச்சைத் தண்ணி போதும்" என்பது இங்கே எல்லாரும் சொல்வதுதான். அதில் பாதி நியாயம் உண்டு. உறையாமல் காப்பது நமக்குத் தேவையில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் கூலன்ட்டைவிடச் சற்று மேல் என்பதும் உண்மை. கொதிநிலை வித்தியாசமும் பிரமாதமில்லை: பாதிக்குப் பாதி கலந்த கிளைகால் சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். அழுத்தத்தைத் தாங்குகிற ரேடியேட்டர் மூடிதான் இரண்டுக்குமே கொதிநிலையை மேலே ஏற்றுகிறது. பழைய வண்டியில் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்துபோயிருக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள், கூலன்ட் மாற்றும்போதே புதிது போட்டுவிடுங்கள்.

நமக்குக் கூலன்ட் வேண்டியது அரிப்பைத் தடுக்க. என்ஜின் பிளாக் இரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். இவற்றுக்கு நடுவே உப்புள்ள தண்ணீர் சுற்றினால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் கடினத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் ஏறும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரியும். அதே படிவம் என்ஜினுக்குள், வெப்பம் வெளியேற வேண்டிய சுவரில் ஏறும். பிறகு மீட்டர் முள் நடுவில் நின்றாலும் உள்ளே ஓர் இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டு ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், அதில் உப்பு குறைந்திருக்குமே தவிர ஒழிந்திருக்காது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனில் மலிவாகவே கிடைக்கிறது.

எந்தக் கூலன்ட் என்ற கேள்விக்கு நிறத்தை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர்கள் போடும் சாயம், எந்தத் தர நிர்ணயமும் அதற்கு இல்லை. டொயோட்டா கேட்பது எத்திலீன் கிளைகால் அடிப்படையில், சிலிகேட், அமின், நைட்ரைட், போரேட் நான்கும் இல்லாத, ஆர்கானிக் அமிலம் கலந்த வகை. டப்பாவின் பின்பக்கம் இந்த விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் பாதித் தண்ணீர் கலந்தே வருகிறது, அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. கடைக்காரர் தரும் மற்ற டப்பாக்களில் சில அடர்த்தியானவை, சில கலந்து வருபவை. கலந்ததை வாங்கி மறுபடி பாதி தண்ணீர் சேர்த்து ஓட்டும் வண்டிகள் ஏராளம்.

ரேடியேட்டர் அடித் திருகைக் கழற்றினால் மொத்தமும் வடிந்துவிடாது. பிளாக்கிலும் ஹீட்டர் குழாயிலும் கணிசமாகத் தங்கும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் உள்ளே தங்குவது வெறும் தண்ணீர். அதன்மேல் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் பாதிக்குப் பாதி வராது. மொத்தக் கொள்ளளவில் சரிபாதியை முதலில் அடர்த்தியான கூலன்ட்டாக ஊற்றி, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு சரியாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் முதல் தடவை அடர்த்தி வகையை வாங்கச் சொல்கிறேன். அடுத்த தடவையிலிருந்து கலந்து வருவதே போதும்.

ஒன்றை எதிர்பார்த்தே இறங்குங்கள். பச்சைத் தண்ணீரில் ஓடிய வண்டிக்குக் கூலன்ட் ஊற்றியதும் புதிதாகக் கசிவு வரலாம். வாட்டர் பம்ப் சீலையும் ரேடியேட்டர் ஓட்டையையும் அதுவரை அடைத்துவைத்திருந்ததே அந்தத் துருவும் படிவமும்தான். எனக்கு வாட்டர் பம்ப் கசிந்தது, புதிது போட வேண்டி வந்தது. கூலன்ட் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை, ஏற்கனவே செத்துப்போன பம்ப் அது. முதல் சில வாரம் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவில் அளவு பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள்.

இப்போது என்ஜின் ஆயில். மெக்கானிக் அண்ணன் சொன்னது, "வண்டி பழசுங்க, 20-50 ஊத்துனா கெட்டியா நிக்கும், சத்தமும் அடங்கும்." சத்தம் அடங்கும் என்பது சரி. ஆனால் ஆயில் எண்ணில் பின்னால் வருவது சூடான நிலையின் பாகுத்தன்மை, அதாவது ஓடும்போது எவ்வளவு கெட்டி என்பது. 100 டிகிரியில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக் வரை, 50 கிரேடு அங்கிருந்து 21.9 வரை. முன்னால் வரும் டபிள்யூ எண் உறைபனிக் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்ற கணக்கு. 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரியில் செய்த சோதனை. ஊட்டியில் உறைபனி விழும் இரவில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் 40 கிரேடுக்கு அமைத்தவை. தேய்மானம் மூன்று லட்சத்தில் வந்திருக்கலாம், ஆனால் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிரேடை ஏற்ற வேண்டும். ஆயில் குறைகிறதா? சூடான ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறதா? நீலப்புகை வருகிறதா? மூன்றும் இல்லாத என் வண்டிக்கு 50 எதற்கு? 15டபிள்யூ-40-லேயே நின்றுகொண்டேன்.

கிரேடைவிட முக்கியம் டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம். எஸ் என்று தொடங்குவது பெட்ரோல், சி என்று தொடங்குவது டீசல். சிஎஃப்-4 1990 காலத்தது, சிஐ-4 2002-ல் வந்தது. என்னுடையது போன்ற பழைய காமன் ரயில் (பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசலைப் பீய்ச்சும்) என்ஜினுக்குச் சிஐ-4 நிறைவாகப் போதும். ஆனால் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சிஐ-4 வாங்கிவிடாதீர்கள். அவற்றின் புகைப்போக்கியில் துகள் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், அவரவர் கையேட்டில் இருக்கும்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய என்ஜின் கசியும் என்ற பயத்தைப் பற்றி: இன்றைய சிந்தெடிக் சீலைச் சுருக்குவதில்லை. ஏற்கனவே இறுகி வெடித்த சீலைச் சுற்றி அடைத்திருந்த அழுக்கை அது கழுவிவிடும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 75,000 மைல் தாண்டிய வண்டிகளுக்கென்று சீலை மென்மையாக்கும் சேர்க்கை கலந்த ஆயில்கள் தனியாக விற்கிறார்கள். நம் கடைகளில் அவை அபூர்வம். அதைத் தேடி அலையும் காசில் சாதாரண ஆயிலையே சீக்கிரம் மாற்றலாம். என் வண்டிக்கு ஆறரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். நல்ல சிஐ-4 மினரல் ஆயிலை ஏழு, எட்டாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறேன். ஃபில்டரும் வடிதிருகின் வாசரும் ஒவ்வொரு முறையும் புதிது.

டீசலில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு சுமப்பது அதன் வேலை, அதனால் நிறத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியவை வேறு. ஆயில் ஸ்டிக்கில் அளவு ஏறினால் டீசல் உள்ளே இறங்குகிறது என்று பொருள், வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜெக்டரைப் பாருங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலக்கிறது. டொயோட்டா டி-4டி என்று அழைக்கும் இந்த வகை டீசல் என்ஜின்களில் இன்ஜெக்டரின் செம்பு வாசர் தளர்ந்து, எரிந்த வாயு ஆயிலுக்குள் போய்க் கரியைக் கட்டி, ஆயில் தேங்கும் அடித்தட்டான சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் சல்லடையை அடைக்கும் தொல்லை தெரிந்த ஒன்று.

என்ஜின் ஃபிளஷ், அதாவது உள்ளே ஊற்றிக் கசடைக் கரைக்கும் திரவம், வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். வருடக்கணக்காகச் சேர்ந்த கசடை ஒரே மூச்சில் கரைத்துவிட்டால் அது நேராகப் போய் அந்தச் சல்லடையில்தான் உட்காரும். முதல் ஆயிலை இரண்டாயிரம் கிலோமீட்டரிலேயே வடித்துவிட்டு அடுத்ததை ஊற்றினேன். மெதுவாகக் கழுவ அது போதும். ஆயிலில் ஊற்றச் சொல்லி மேசையில் அடுக்கியிருக்கும் சின்னச் சின்ன பாட்டில்களுக்கும் இதே பதில்தான்.

கியர்பாக்ஸும் கிரவுனும் ஒரே நாள் வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால், ஆயில் ஊற்றும் மேல்திருகைத் தளர்த்துங்கள், அது கழன்ற பிறகே அடித்திருகைத் தொடுங்கள். பத்து வருடமாகத் திறக்காத மேல்திருகு இறுகி நின்றுவிட்டால், ஆயில் இல்லாத வண்டி பட்டறையிலேயே கிடக்கும். பட்டறைப் பீப்பாயில் இருப்பதை இரண்டுக்கும் ஊற்றுவது பழக்கம். கியர் ஆயிலின் தரத்தை ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று குறிப்பார்கள். பின்னச்சில் (கிரவுனில்) இருக்கும் ஹைபாய்டு வகைப் பல்சக்கரத்துக்கு ஜிஎல்-5 கட்டாயம். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்துவதால் அதற்கு வலுவான சேர்க்கை வேண்டும். கியர்பாக்ஸில் இருப்பது பித்தளை வளையங்கள். ஜிஎல்-5-ன் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கை சிலவற்றில் பித்தளையைப் பாதிக்கும், வழுக்கலும் கூடி கியர் விழ முரண்டு பிடிக்கும். கையேடு ஜிஎல்-5-ஐ அனுமதித்தால் ஒழிய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4. மாற்றிய பிறகு காலையில் இரண்டாவது கியர் விழும்போது இருந்த உரசல் போய்விட்டது. மொத்த வேலையில் கைக்கு உடனே தெரிந்த பலன் இது ஒன்றுதான்.

வடிதிருகு காந்தத்தில் சாம்பல் நிற மாவு இருந்தால் சரி, விரலில் குத்தும் துண்டு இருந்தால் சரியில்லை. பின்னச்சின் மேலே காற்றுப்போக்கி ஒன்று இருக்கும், மண் அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாக பிரேக் டிரம்முக்கே வந்துவிடும்.

ஸ்டியரிங்கில் பெரிய வேலை இல்லை. இதற்கு ஊற்றுவது டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). வண்டியிலுள்ள ஸ்டியரிங் ஆயில் டப்பாவிலிருந்து பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றி, சில நாள் ஓட்டி, திரும்பவும் அதையே செய்தால் பெரும்பகுதி மாறிவிடும்.

எதை வாங்கினாலும் பில்லோடு, பெட்ரோல் பங்கிலோ தெரிந்த டீலரிடமோ வாங்குங்கள். காலி ஆயில் கேனுக்கு விலை கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எதற்கு என்று ஊகிக்கலாம். ஊற்றி முடித்ததும் கேனில் ஸ்குரூடிரைவரால் ஓட்டை போட்டுவிடுவது நல்லது.

வடித்த என்ஜின் ஆயிலைப் பட்டறை டிரம்மில் சேர்த்துவிடலாம், எடுத்துப் போக ஆள் வருவார்கள். கூலன்ட்டை அதோடு கலக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சமே போதும் சிறுநீரகம் செயலிழக்க. வீட்டு வாசலில் வைத்து மாற்றுகிறவர்கள் வடித்த தட்டை மூடி, மூடியுள்ள கேனில் அடைத்து, தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு கையைக் கழுவுங்கள்.